மணிக்கணக்கு

ஏழாவது கேள்வியிலேயே பிரம்மசக்தி நின்றுவிட்டாள். ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இணையவழியில் படிக்கிறீர்கள்?’ அவ்வளவுதான் கேள்வி. கேட்டுவிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து, அதற்குள் ஒரு சின்னக் கோட்டை மினுக்கிக்கொண்டு காத்திருந்தது கணினி. மதியம் இரண்டேகால். கணிதத் துறை ஆய்வகத்தில் மூன்றாமாண்டு மாணவர்கள் முப்பத்துநாலு பேரும் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஏசி இருந்தது, ஆனால் அது கணினிகளுக்காக வைத்தது, மனுஷர்களுக்கு அதில் மிச்சம் வந்தால் உண்டு. முன்னால் மேஜையில் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் சார். புள்ளியியல் எடுப்பவர். ‘கல்லூரி மாணவர்களின் இணையவழிப் படிப்புப் பழக்கமும் தேர்ச்சியும்’ என்று ஆறு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர். கடைசி அத்தியாயத்துக்கு மாணவர்களே நிரப்பிய படிவம் வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம், நாளைக்குள் கொடுத்தாக வேண்டுமாம். “பேர் வேண்டாம், ரிஜிஸ்டர் நம்பர் வேண்டாம். யாரு என்ன போட்டீங்கன்னு எனக்கே தெரியாது. நேர்மையா போடுங்க, அது போதும்” என்று ஆரம்பத்தில் சொன்னார். நேர்மையா. அந்த வார்த்தையை அவர் சொன்னபோது அவளுக்குக் காதோரம் சுட்டது. நேர்மையைப் பற்றி நீர் பேசுகிறீரா, பேசும், பேசும். எத்தனை மணி நேரம் என்று என்னிடமே கேட்கிறீர், கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறீரே, அதில் போய்ப் பாரும். கோடு மினுங்கியது. அவள் விரல் நகரவில்லை.

எத்தனை மணி நேரம் என்றால் எந்த மணி நேரம்? அதையல்லவா முதலில் கேட்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவுடையது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காலை ஆறரைக்குச் சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். லோடு எங்கே என்று அதில்தான் அழைப்பு வரும், அது இல்லாமல் அன்றைய பிழைப்பு இல்லை. அதனால் அவளுக்குக் கிடைத்தது ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை, அதிலும் நடுவில் இரண்டு அழைப்பு வந்து கெடுக்கும். பேருந்து நிலையத்தில் இலவச வைஃபை வரும் தூண் ஒன்று உண்டு, டீக்கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போனை வாங்கிக்கொண்டு அந்தத் தூணோடு ஒட்டி நின்று, கல்லூரித் தளத்தில் சார் போட்டிருக்கும் வீடியோவையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்வாள். வாரம் முழுக்க அதை விடியற்காலையில் பார்ப்பாள், அதுவும் இரட்டை வேகத்தில். நாற்பது நிமிட வீடியோவை இருபது நிமிடத்தில் முடித்தால்தான் இன்னும் இருபது நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்க மிஞ்சும். இரட்டை வேகத்தில் ஆவுடையப்பன் சாரின் குரல் கீச்சுக் கீச்சென்று கேட்கும். “ஒட்டுறவு என்பது என்ன, இரண்டு மாறிகள் சேர்ந்து ஏறி இறங்குவது” என்று இழுத்து இழுத்துச் சொல்கிற மனுஷர் சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பார். கல்லூரிக்கு வந்து நேரில் கேட்டால் மனுஷர் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கும், யாராவது தட்டி எழுப்ப மாட்டார்களா என்றிருக்கும். அந்தக் கீச்சுக்குரல் சாரிடம்தான் அவள் புள்ளியியல் படித்தாள், நன்றாகவே படித்தாள். இறக்கி வைத்துப் பார்த்தால் தளத்தின் கணக்கில் நேரம் ஏறாது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பாள், அந்தத் தூணுக்கடியில் தினம் இரண்டு மணி நேரம் நின்றிருப்பாளா, போகிற வருகிறவன் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதற்கு?

மற்றவர்கள் நேரம் ஏற்றினார்கள். அது தனிக்கலை. வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போவது, சாப்பிடப் போவது, ஜெபமலர் ஒரு நாள் போனைத் தலையணைக்கடியில் ஓடவிட்டு அக்கா கல்யாணத்துக்கே போய்விட்டு வந்தாள். பருவ முடிவில் ஜெபமலர் பெயருக்கு எதிரே நூற்றுப் பதினெட்டு மணி நேரம். பிரம்மசக்தி பெயருக்கு எதிரே இரண்டு மணி நாற்பது நிமிடம். அந்த இரண்டு மணி நாற்பது நிமிடத்தையும் சார் வகுப்பில் திரையில் போட்டார். குறுக்கே மணி நேரம், நெடுக்கே மதிப்பெண், ஆளுக்கு ஒரு நீலப் புள்ளி, புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு, கூட்டமாக மேலேறிப் போகிற புள்ளிகள், அதெப்படி ஏறின என்பதையெல்லாம் அவர் கேட்கவில்லை, ஏறினது அவருக்குப் போதும். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், இடது மூலையில், உச்சியில், தனியாக ஒரு புள்ளி. “இது யாருன்னு தெரியுதா? நம்ம பிரம்மசக்தி” என்று சிரித்தார். “ஹவர்ஸ் ரெண்டே முக்கா கூட இல்ல, மார்க் எண்பத்தி நாலு. இதுக்குப் பேரு அவுட்லையர். இந்த மாதிரி ஒண்ணு கிடந்தா கோட்டையே இழுத்துக் கெடுத்துரும். எடுத்துட்டா பாருங்க, எப்படி நேரா வருதுன்னு.” சுட்டியை ஒரு தட்டு தட்டினார். புள்ளி போய்விட்டது. கோடு நிமிர்ந்துகொண்டது. வகுப்பு கைதட்டியது, ஏன் தட்டியது என்று இன்றைக்கு வரை அவளுக்குப் புரியவில்லை, ஒருவேளை மணி அடிக்கப் போகிற சந்தோஷமாக இருக்கும். மறுநாளிலிருந்து பையன்கள் அவளை ‘அவுட்டு’ என்று கூப்பிட்டார்கள். அவுட்டு, ரெக்கார்டு நோட்டைக் கொடு. அவுட்டு, கொஞ்சம் தள்ளு. சரி, பெயர் வைப்பதால் யாருக்கும் சோறு போகாது. அதோடு விட்டிருந்தால் அவளும் மறந்திருப்பாள், நிச்சயம் மறந்திருப்பாள், இல்லை, மறந்திருக்க மாட்டாள்.

அவர் விடவில்லை. மணி நேரமே இல்லாமல் மார்க் எப்படி வரும் என்ற கேள்வி அவரைக் குடைந்திருக்க வேண்டும். தன் ஆராய்ச்சியில் சந்தேகம் வரவில்லை மனுஷருக்கு, அவள்மேல்தான் வந்தது. துறைத்தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பார்த்து எழுதினாயா என்றார்கள். இல்லை என்றாள். இறக்கி வைத்துப் பார்த்தேன் சார், ஸ்பீடாப் பார்த்தேன் சார் என்றாள். “ஸ்பீடாப் பாத்தாளாம்” என்று ஆவுடையப்பன் சார் துறைத்தலைவரைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவை வரச் சொன்னார்கள். அப்பா ஏற்றின லோடோடு வண்டியைக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையில் உப்புத்தூளோடு வந்து நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. என்ன ஏது என்று அவர் கேட்கவும் இல்லை. பாதி கேட்பதற்குள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு, “தெரியாம செஞ்சிட்டா சார். சின்னப் புள்ள. இனிமே செய்ய மாட்டா, நான் சொல்லி வைக்கேன்” என்றார். நான் செய்யல அப்பா என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அங்கேதான், அந்த ஒரு நிமிடத்தில்தான் அவள் மனம் போய்ப் போய் இடித்துக்கொள்கிறது. வாயைத் திறந்தால் அப்பா இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்பாரோ என்று பயம். வெள்ளைத்தாளில் ‘இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எவ்வாறு? எழுதினவளுக்கே தெரியாது. அகமதிப்பெண்ணை இருபத்தைந்துக்கு ஒன்பது ஆக்கினார்கள். வண்டியில் திரும்பி வரும்போது அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். “இனிமே அப்படிப் பண்ணாத தாயி” என்றார், அவ்வளவு மெதுவாக. அந்த எண்பத்து நாலு தன்னுடையதுதான் என்று இந்த உலகத்தில் ஒரு ஆள்கூட நம்பவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

அன்றிலிருந்து நாலு மாதமாக மனதுக்குள் அவரைப் பழி வாங்கிக்கொண்டிருந்தாள். பைக்கில் காற்றைப் பிடுங்கிவிட்டாள். பட்டமளிப்பு மேடையில் ஏறும்போது கால் இடற வைத்தாள். விடியற்காலையில் வீடியோ பார்க்கும்போது அவசரமே இல்லாவிட்டாலும் அவரைக் கீச்சுக் கீச்சென்று கத்த வைத்தாள், சில நாள் பாதி வேகத்துக்கு இறக்கி, குடித்தவன்போல் குழறவிட்டு அம்மா எட்டிப் பார்க்கும்வரை சிரித்தாள். இந்தப் படிவம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்த விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டாள். இதுதான் இடம். இங்கேதான் அடிக்க வேண்டும். அவர் கற்றுக்கொடுத்த கணக்கை வைத்தே அவர் கோட்டை உடைக்க வேண்டும். இரண்டு வாரமாக நோட்டின் கடைசிப் பக்கங்களில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். நூற்றறுபது மணி நேரம், மதிப்பெண் பூஜ்யம் என்று போட்டால் ஒரே அடியில் கோடு கவிழ்ந்துவிடும். ஆனால் மறுநிமிடமே அவர் அந்தப் புள்ளியை எடுத்து எறிந்துவிடுவார், அதற்குத்தான் அவருக்கு வழி தெரியுமே. உள்ளதை உள்ளபடி போட்டால்? நாலு மணி நேரம், எண்பத்து நாலு. பேர் இல்லாவிட்டாலும் அதே மூலையில், அதே உச்சியில் போய் நிற்கும். பார்த்ததும் தெரிந்துகொள்வார், சிரிப்பார், தட்டுவார், போய்விடும். அப்படியானால் அவர் கண்ணில் படாமல் கூட்டத்துக்குள் நிற்க வேண்டும். இருபத்திரண்டு மணி நேரம், ஐம்பத்தெட்டு மார்க். அதைத்தான் போடுவதென்று வந்திருந்தாள். பொய்யான ஒரு புள்ளி அவர் புத்தகத்துக்குள் சாகும்வரை கிடக்கும், அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு புள்ளி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அது மட்டுமில்லை. இந்த ஏழாவது கேள்விக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, ஐம்பத்தெட்டு என்று தட்டினால் எண்பத்து நாலை அழிப்பது யார்? அவர் எடுத்துப்போட்டதையே நானும் எடுத்துப்போடுகிறேன். அவர் ஒரு தடவை தட்டினார், நான் என் கையாலேயே இன்னொரு தடவை தட்டுகிறேன். இதற்கா இரண்டு வாரம் கணக்குப் போட்டேன்? போட்டாலும் போனேன், போடாவிட்டாலும் போனேன். நல்ல பழிவாங்கல் இது, சிரிக்கத்தான் லாயக்கு. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கரித்தது. போடா என்று மனதுக்குள் சொன்னாள், சாரை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை, நன்றாக இருந்தது. எடுத்துக்கோ, எத்தனை தடவை நீ எடுப்பேன்னு பாக்கேன். பெட்டியில் நாலு என்று தட்டினாள். அதே வேகத்தில் கீழே இறங்கிப் போய் மதிப்பெண் பெட்டியில் எண்பத்து நாலு. மீதிக் கேள்விகளையும் விறுவிறுவென்று, ஒன்றைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் நிரப்பினாள். நாற்பத்திரண்டு கேள்வியும் முடிந்தபோது மூச்சு வாங்கியது. அனுப்பவில்லை. தோற்றதை அனுப்பிவைக்க இவ்வளவு அவசரம் என்ன என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, முடிச்சிட்டியா?” பக்கத்துக் கணினியிலிருந்து ஜெபமலர் கழுத்தை நீட்டினாள். அவள் இன்னும் ஆறாவது கேள்வியில் இருந்தாள். “இது என்னட்டி, ‘உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்’னு, எனக்கு ஒண்ணும் ஓடல. ஏழுக்கு என்ன போட்ட? நாலா? சரி.” தட்டினாள். “எட்டு?” பிரம்மசக்தி திரும்பிப் பார்த்தாள். “இதுக்கு ஏன்ட்டி பாத்துப் போடுத? இது பரீச்சையா?” “பின்ன என்ன? தப்பாப் போட்டு இன்டர்னல்ல கைய வச்சாருன்னா? உனக்குத்தான் சார் என்ன கேக்காருன்னு தெரியும். தள்ளு, மறைக்காத.” ஜெபமலர் மளமளவென்று தட்டிக்கொண்டே போனாள். மதிப்பெண் பெட்டி வந்ததும் நின்றாள். “எண்பத்தி நாலா? நான் அறுபத்தொண்ணுட்டி.” அப்புறம் அவளே, “பேருதான் இல்லைலா” என்று எண்பத்து நாலு தட்டினாள். முன்னால் சார் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மடிக்கணினிக்குள் மூழ்கியிருந்தார். பின் வரிசையில் முத்துக்கிளி எழுந்து நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மூணு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்குத்தான், நாற்பத்திரண்டு கேள்வியைப் படித்து யோசித்துப் பதில் சொல்கிற பொறுமை அங்கே யாருக்கும் இல்லை. பையன்கள் பக்கத்திலிருந்து சுடலைமணி தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல் அவள் முதுகுப்பக்கம் வந்தான். அவள் தோளுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்த போன் ஒரு தரம் சிமிட்டிப் படம் எடுத்தது. “அவுட்டு, கொஞ்சம் மேல ஏத்து. இன்னும் மேல. ஆங்.” இரண்டு நிமிடத்தில் ஆய்வகம் முழுக்கப் போன்கள் மேஜைக்கடியில் முனகின. “ஏய், குரூப்ல ஆன்சர் கீ வந்துட்டு” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஆன்சர் கீ. உன் பழக்கம் என்ன என்று கேட்கிற படிவத்துக்கு ஆன்சர் கீ! அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு வந்த வேகத்திலேயே நின்றது. விசைப்பலகைகள் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நாலு, எண்பத்து நாலு. நாலு, எண்பத்து நாலு. முப்பத்துமூன்று பேர். எல்லாரும் அதே போட்டால் என்ன ஆகும்? சராசரி நாலு. சராசரியிலிருந்து விலகல் பூஜ்யம். ஒட்டுறவுச் சூத்திரத்தில் கீழே வருவது பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது, அதைக் கீச்சுக்குரலில் அவரேதான் சொன்னார், பதினோராவது வீடியோவில், எட்டாவது நிமிடத்தில். இப்போதுகூடத் தடுக்கலாம். ஒரு வார்த்தை போதும், அவரவர் உள்ளதைப் போடுங்கப்பா என்று சொன்னால் பாதிப்பேராவது அழித்துவிட்டுப் போடுவார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து வாங்கின மார்க்கை இந்த ஜெபமலர் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து அலுங்காமல் எடுத்துக்கொள்கிறாளே என்று ஒரு ஓரத்தில் வலிக்கவும் செய்தது. வலிக்கட்டும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றதைவிடவா? “பதினாறு என்னட்டி, போட்டோல மங்கலா இருக்கு” என்று முத்துக்கிளி கேட்டாள். “ஓரளவு உடன்படுகிறேன்” என்று பிரம்மசக்தி சொன்னாள், தெளிவாக, பின் வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி. “பதினேழு?” “எப்போதாவது.” “பதினெட்டு?” ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாலு மாதத்தில் அவ்வளவு நிம்மதியாக அவள் மூச்சு விட்டதில்லை.

மூணு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆவுடையப்பன் சார் தன் மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்தார். மனுஷருக்கு எதையும் பெரிதாகப் போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. “வந்துட்டு வந்துட்டு, முப்பத்தி மூணு பேரு அனுப்பியாச்சு. இப்ப பாருங்க கோடு எப்படி வருதுன்னு” என்றார். திரையில் ஒரே ஒரு நீலப்புள்ளி இருந்தது. கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, ஒட்டுறவு வர வேண்டிய கட்டத்தில் பிழை என்று சிவப்பில் காட்டியது. “சிஸ்டம் ஹேங்காகி நிக்கு” என்று அவர் மறுபடி ஏற்றினார். அதே புள்ளி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில்கள் வந்து விழுந்த பட்டியலைத் திறந்தார். நாலு, எண்பத்து நாலு, நாலு, எண்பத்து நாலு என்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனார், கடைசி வரைக்கும் போனார், திரும்ப மேலே வந்தார். திட்டப் போகிறார் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் திட்டவில்லை. யாரைப் பெயர் சொல்லித் திட்டுவது? “நாளைக்குக் கொடுக்கணும்ப்பா நான்” என்றார். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. “எல்லாரும் ஒரே இடத்துல நின்னா நான் எப்படிப்பா கோடு போடுவேன்? இன்னொரு புள்ளி வேணும். ஒரே ஒருத்தர் வேற மாதிரி இருந்தாக்கூடப் போதும், எப்படியாவது ஒப்பேத்திருவேன். இன்னும் ஒருத்தர் அனுப்பலையே, யாரது?”

பிரம்மசக்தி எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் அவள் நாலு மாதமாகக் கற்பனை செய்துவைத்திருந்த எதுவும் இல்லை, வியர்வைதான் இருந்தது, கூடவே அசட்டுத்தனமாக ஒரு நம்பிக்கையும். “நீயாம்மா? நல்லதாப் போச்சு. நீ விவரமான புள்ள. உன்னோடத மட்டுமாவது சரியாப் போடு தாயி” என்றார்.

“சரியாத்தான் சார் போட்டிருக்கேன்” என்று சொல்லி அனுப்பினாள். எண்ணிக்கை முப்பத்துநாலு ஆனது. புள்ளி அசையவில்லை.